நீலக் காருக்குள் ஒரு குளம்

அந்த நீலக் கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே குண்டூசி வாசலுக்கு ஓடிவந்தாள்.

மறுபடியுமா! இன்றோடு மூன்றாவது தடவை.

குண்டூசி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் நல்ல நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒல்லிக் குச்சி உடம்பின் மேல் உருண்டையாக ஒரு தலை இருந்தால் ஊர் சும்மா விடுமா? பத்து வயதாகிவிட்டது, இன்னும் குண்டூசிதான்.

அவளுடைய அம்மாவுக்குத் தையல் வேலை. சட்டை, கவுன் எல்லாம் இல்லை. அம்மா கார்களுக்குத் தைப்பாள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்! கார் சீட்டுக்கு உறை, கிழிந்த சீட்டுக்கு ஒட்டு, துணிக் கூரை வைத்த கார்களுக்குப் புதுக் கூரை. வீட்டை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெரிய மேசை, சுவர் நிறையக் கத்தரிக்கோல்கள், ஓரத்தில் தடித்த தையல் மெஷின் ஒன்று. எவ்வளவு கெட்டியான தோலாக இருந்தாலும் அது அலட்டிக்கொள்ளாமல் தைத்துவிடும். அதற்கு யானை என்று பெயர். அது ஓடினால் பக்கத்துக் கடையின் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் அதிரும்.

நீலக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஒய்யாரமான கார். பொத்தானை அழுத்தினால் துணிக் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மூன்று வாரங்களுக்கு முன்னால் அம்மாதான் அதற்குப் புதுக் கூரை தைத்துப் போட்டாள்.

காரின் சொந்தக்காரரான பல் டாக்டர் கதவைத் திறந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே இன்னொருவரும் இறங்கினார். தொப்பென்று குதித்து, தெருவோரக் குட்டையை நோக்கித் தத்தித் தத்திப் போனார்.

தவளை!

"இது புதுசு," என்றார் டாக்டர். "போன வாரம் வெறும் தண்ணிதான் இருந்துச்சு. இப்போ குடித்தனமே வந்தாச்சு."

வேறு நேரமாக இருந்தால் குண்டூசி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வந்த சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அம்மா காருக்குள் குனிந்தாள். பின் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. விரிப்பை அழுத்தினால் களக் களக் என்றது.

"நான் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க," டாக்டர் மெதுவாகச் சொன்னார். "கூரை பார்க்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா மழை பெஞ்சா உள்ளே குளம் கட்டுது. ஞாயித்துக்கிழமை நான் வெளியூர் கிளம்பணும். சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுச்சுன்னா நல்லது. இல்லேன்னா வேற இடத்துல காட்டிக்கிறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. இப்படி அன்பாகச் சொன்னால் என்னதான் செய்வது?

"சரிங்க டாக்டர்," என்றாள் அம்மா.

டாக்டர் காரை விட்டுவிட்டுப் போனதும் பக்கத்துக் கடையிலிருந்து ஸ்பானர் மாமா வந்தார். கார் ரிப்பேர் செய்பவர். உலகத்தில் எது நடந்தாலும் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும்.

"தையல்தான்! சந்தேகமே வேண்டாம்," என்றார், காரைப் பார்க்காமலேயே. "இடது பக்கம் பின் மூலைத் தையல். ஊசி போன ஓட்டை வழியா இறங்குது."

இதைத்தான் அவர் முதல் தடவையும் சொன்னார், இரண்டாவது தடவையும் சொன்னார். முதல் தடவை அம்மா அந்தத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். இரண்டாவது தடவை மறுபடியும் பிரித்துத் தைத்து, ஒவ்வொரு ஊசி ஓட்டையிலும் மெழுகு தேய்த்தாள். ஒரு மூலைத் தையலுக்காகக் கூரை முழுவதையும் கழற்ற வேண்டாம் என்று, வளைந்த ஊசியை வைத்துக் கையாலேயே இழுத்து இழுத்துத் தைத்தாள். விரல்கள் எல்லாம் பிளாஸ்திரி.

இப்போதும் வளைந்த ஊசியை எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா பஸ் ஓட்டுநர். நாள் முழுவதும் பயணிகளோடு பேசிப் பேசி, வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்குத் தெரியாது.

"கூரையை எடுத்துப் போட்டுட்டு ஒரு பெரிய குடையைக் கட்டிவிட்டா என்ன?" என்றார்.

குண்டூசி சிரித்தாள். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைக்கு என்னமோ ஆயிடுச்சுங்க," என்றாள் திடீரென்று. "பதினஞ்சு வருஷமா நான் தைச்ச ஒரு கூரைகூட ஒழுகினதில்ல. இப்போ ஒரே தையலை மூணு தடவை போட்டாச்சு. நிக்கவே மாட்டேங்குது."

"அடுத்த தடவை நிக்கும், விடு."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்ல." அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "பை தைக்கிற கம்பெனிக்காரர் ரொம்ப நாளா யானையைக் கேட்டுக்கிட்டு இருந்தார் இல்லையா? சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

அப்பாவுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீங்க. நம்பிக் காரைக் குடுக்கிறவங்களுக்கு ஒழுகற கூரையைத் தைச்சுக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட அங்க உக்கார்றது?"

யானை இல்லாத கொட்டகையைக் குண்டூசியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. குழந்தையாக இருந்தபோது அதன் மேசைக்கு அடியில்தான் தூங்குவாளாம். அது ஓடிக்கொண்டிருந்தால் தூங்குவாளாம், நின்றால் எழுந்து அழுவாளாம்.

"அம்மா, யானை போகக் கூடாதும்மா!"

"சாப்பிடு," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வகுப்பிலும் மழை. ஜன்னல் இடுக்கு வழியாகக் கசிந்த தண்ணீர் சுவரில் வழிந்து, கரும்பலகையில் இறங்கியது. ஆசிரியை கஷ்டப்பட்டு எழுதிவைத்த கணக்கின் நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. விடை அப்படியே அழிந்துபோனது.

"டீச்சர், கணக்கே தன்னைத் தானே அழிச்சுக்கிச்சு!" என்றான் ஒருவன். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

குண்டூசி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கறுப்புக் கோட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தண்ணீர் போன வழியைச் சாக்பீஸ் காட்டிக்கொடுத்துவிட்டது! அப்படியென்றால் காரிலும் காட்டிக்கொடுக்கும் அல்லவா?

பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஓட்டம். அம்மா கொட்டகையில் இல்லை. துணியில் அளவு குறிக்கிற வெள்ளைச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நீலக் காருக்குள் ஏறினாள். கூரையின் உட்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. இடது மூலையிலிருந்து வலது மூலை வரைக்கும், தையல் போகிற வழியெல்லாம் அழுத்தி வெள்ளைக் கோடு இழுத்தாள். ஓர் இடத்தையும் விடவில்லை. பழைய துணியைப் போட்டுத் தரையில் இருந்த ஈரத்தையும் ஒற்றி எடுத்தாள்.

ஐந்து மணிக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குண்டூசி ஜன்னலோரம் உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆறு மணிக்கு மழை விட்டதும் டார்ச்சோடு ஓடினாள். காரின் தரையில் கை வைத்தாள். சொதசொத என்று தண்ணீர்! டார்ச்சை மேலே அடித்தாள்.

வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. ஒரு புள்ளிகூட அழியவில்லை.

இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இரண்டு தடவை பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்த பொடி விரலில் ஒட்டியது. தையல் ஒழுகவில்லை! அம்மாவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை!

"அம்..." என்று கத்த வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

பின் சீட்டுக்குப் பின்னால் 'களக்' என்று ஒரு சத்தம்.

தையல் வழியாக வரவில்லை என்றால் இந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது?

சீட்டுக்குப் பின்னால் கூரைத் துணியின் மடிப்பைத் தூக்கினாள். அங்கே, நடுவில் கொஞ்சம் மேடாக, ஒரு குட்டி வாய்க்கால் உண்டு. கூரையில் விழுகிற மழை பின்பக்கமாக வழிந்து அந்த வாய்க்காலில் சேரும். அதன் இரண்டு முனையிலும் கட்டைவிரல் அளவில் துளைகள். துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, தண்ணீரைக் காருக்கு அடியில் கொட்டிவிடும். வலது பக்கத் துளை சமர்த்தாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் வாய்க்கால் விளிம்புவரைக்கும் நிரம்பி, சீட்டுக்குப் பின்னால் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு இலைகளும் கொஞ்சம் சேறும் மிதந்தன.

குண்டூசி இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுத் துளைக்குள் விரலை விட்டாள். ஏதோ மெத்தென்று பட்டது.

சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். அந்த மெத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

கூரையைக் கழற்றுவதற்கு முன்னால் அம்மாவின் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. காரில் அப்படி நான்கு துளைகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வேலை செய்யும்போது ஊசியோ திருகாணியோ நூலோ உள்ளே விழுந்துவிடக் கூடாது என்று, நான்கிலும் சீட்டுப் பஞ்சைத் துண்டு போட்டு அடைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் பஞ்சை எடுக்க வேண்டும். எடுத்து எண்ணிச் சொல்ல வேண்டும். அடைப்பது, எடுப்பது, எண்ணுவது எல்லாம் குண்டூசியின் பொறுப்பு. அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

மூன்று வாரங்களுக்கு முன்னால், கூரை போட்டு முடித்த அன்று, தெருவில் சைக்கிள் பந்தயம். தோழிகள் வாசலில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். குண்டூசி அவசர அவசரமாகப் பஞ்சுகளைப் பிடுங்கிக் குப்பைச் சாக்கில் வீசினாள்.

"எத்தனை?" என்று கேட்டாள் அம்மா.

"நாலு!" என்றாள் குண்டூசி. எண்ணவில்லை. வாசலில் இருந்தபடியே சொன்னாள்.

பந்தயத்தில் அவள் கடைசியாக வந்தாள் என்பது வேறு கதை.

இப்போது அவள் இரண்டு விரல்களை விட்டு அந்தப் பஞ்சைப் பிடிக்கப் பார்த்தாள். வழுக்கியது. இன்னொரு தடவை பிடிக்கப் பார்த்தாள். அது நழுவி இன்னும் உள்ளே போய்விட்டது. இனி விரலுக்கு எட்டாது.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாக அம்மா பிரித்துப் பிரித்துத் தைத்ததும், விரலெல்லாம் குத்திக்கொண்டதும், தன் கையைத் தானே திட்டிக்கொண்டதும் யாரால்? நினைக்க நினைக்க அழுகை பொங்கியது. சத்தம் வராமல் அழுதாள். வீட்டுக்குள் போனபோது, "கண்ணு ஏன் சிவந்திருக்கு?" என்று அப்பா கேட்டார். "சாக்பீஸ் தூள்," என்றாள். அது பாதி உண்மைதான்.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் நேராக ஸ்பானர் மாமாவிடம் போனாள்.

"மாமா, ரப்பர் குழாய்க்குள்ள ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா எப்படி எடுப்பீங்க?"

"கம்பி மட்டும் விடவே கூடாது," உடனே வந்தது தீர்ப்பு. "குழாய் கிழிஞ்சுதுன்னா அம்பேல்! வழவழன்னு வளைஞ்சு போற மாதிரி எதையாவது விடணும். அதுவும் அடியிலேருந்து மேலே தள்ளணும். கார்க் குழாய்க்கு அடிவாய் குறுகல். மேலேருந்து தள்ளினா அங்க போய் இறுகிக்கும். ஆமா, எதுக்குக் கேக்குற?"

"சும்மா மாமா."

வழவழவென்று வளைந்து போகிற சாமான் கொட்டகையிலேயே இருந்தது. சீட்டின் ஓரம் எடுப்பாகத் தெரிவதற்காக உள்ளே வைத்துத் தைக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கயிறு. ஒரு சுருள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே வந்து, நீலக் காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேலே குழாயின் ரப்பர் வாய் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. பஞ்சை எடுத்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் நிற்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது.

அப்போது கொட்டகைக்குள் அம்மாவின் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறாள்? எட்டிப் பார்த்தாள்.

அம்மா யானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, பழைய துணியால் அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, "அங்க போய் அடம் பிடிக்காதே. நூல் மாட்டும்போது கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்றேன் அவங்ககிட்ட," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குண்டூசியின் கையிலிருந்த கயிறு நழுவியது.

யாருக்கும் தெரியாமல் பஞ்சை எடுத்தால் கார் சரியாகிவிடும். ஆனால் அம்மா? மூன்றாவது தையல் ஏதோ அதிர்ஷ்டத்தில் நின்றுவிட்டது என்றுதான் நினைப்பாள். முதல் இரண்டும் கோணல் என்று நினைப்பாள். கை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பாள், யானையும் போய்விடும். சொல்லாமல் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

மணி ஒன்பதே முக்கால்.

குண்டூசி கொட்டகைக்குள் போனாள்.

"அம்மா, உன் தையல் ஒழுகவே இல்ல."

"சமாதானம் சொல்ல வந்தியா? போய்க் குளி, போ."

"இல்லம்மா. அன்னிக்கு நீ எத்தனைன்னு கேட்டே. நான் நாலுன்னு சொன்னேன். நான் எண்ணவே இல்லம்மா. ஒரு பஞ்சு உள்ளேயே இருக்கு. இடது பக்கம் பின்னாடி. நேத்து விரலை விட்டுப் பார்த்தேன். என்னாலதான் தண்ணி நிக்குது. உன் கை நல்லாத்தான் இருக்கு. என் வாய்தான்..." தேம்பித் தேம்பி அழுதாள்.

அம்மா துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"மூணு வாரம்டி," என்றாள். "மூணு வாரமா நான் என் கையை எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும்மா."

"ராத்திரி தூக்கத்துலகூட தைச்சுக்கிட்டு இருந்தேன்."

"மன்னிச்சுடும்மா."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய தன் விரல்களையே பார்த்தாள். கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. எது முதலில் வருவது என்று தெரியாமல் இரண்டும் அவள் முகத்தில் மாறி மாறி வந்து போயின.

"தையல் ஒழுகலேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சாக்பீஸ் கோடு போட்டு வெச்சேன். அழியவே இல்ல. வந்து பாரேன்!"

அம்மா நீலக் காருக்குள் ஏறி, பின் சீட்டில் படுத்து, மேலே டார்ச் அடித்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வெள்ளைக் கோடு நீளமாக, முழுசாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று குண்டூசிக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"குழாய்க்குள்ள விட ஏதாவது வேணுமே," என்றாள் எழுந்து. குண்டூசி பிளாஸ்டிக் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

அம்மா காருக்கு அடியில் படுத்தாள். குண்டூசி மேலே வாய்க்காலில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா ரப்பர் வாயைப் பிதுக்கித் திறந்து, பிளாஸ்டிக் கயிற்றை மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள்.

"வருதா?"

"இல்லம்மா."

"இப்போ?"

"இல்ல. கொஞ்சம் சேறு மட்டும் வருது."

"என்னமோ தட்டுது. தள்ளட்டுமா?"

"மெதுவாம்மா! குழாய் கிழிஞ்சா அம்பேல்!"

"யாருடி இது, ஸ்பானர் மாமா மாதிரி பேசறது?"

கயிறு ஒரு விரற்கடை ஏறியது. நின்றது. இன்னொரு விரற்கடை ஏறியது. துளைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ தலை நீட்டியது. குண்டூசி கபக்கென்று பிடித்து இழுத்தாள். இலை, நூல், சேறு எல்லாம் அப்பிக்கொண்டு, செத்த எலி மாதிரி வெளியே வந்தது நாலாவது பஞ்சு.

"வந்தாச்சு!" என்று கத்தினாள்.

வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் குழாய்க்குள் இறங்கியது. அடியில் யார் படுத்திருந்தார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே!

"ஐயோ! என் மூக்கு!" என்று அலறிக்கொண்டே உருண்டு வந்தாள் அம்மா. தலையில் இரண்டு இலை. மூக்கில் சேறு.

அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பை கம்பெனிக்காரர் இறங்கினார். கூடவே மெஷினைத் தூக்க இரண்டு ஆட்கள்.

"எடுத்துக்கலாங்களா?" என்றார், அம்மாவின் தலையில் இருந்த இலையைப் பார்த்தபடி.

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை அலைய வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. யானையைக் குடுக்கிறதா இல்ல."

"ஏங்க? நீங்கதானே வரச் சொன்னீங்க!"

"நேத்து வரைக்கும் எனக்கு வேலை இல்லைன்னு நினைச்சேன். இன்னிக்கு இருக்கு," என்றாள் அம்மா. நீலக் காரின் இடது மூலையைக் காட்டினாள். "மூணு தடவை பிரிச்ச தையல். பார்க்கவே கண்றாவியா இருக்கு. டாக்டர் வர்றதுக்குள்ள கூரையைக் கழற்றி மெஷின்ல ஒழுங்கா ஓட்டணும். குண்டூசி, பஞ்சு கொண்டா!"

லாரி முணுமுணுத்துக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் அதிர வைத்துக்கொண்டு யானை ஓட ஆரம்பித்தது. சத்தம் கேட்டு ஸ்பானர் மாமா வந்து, நடந்ததைக் கேட்டு, "நான் அப்பவே நினைச்சேன், குழாய்தான்னு!" என்றார்.

மத்தியானம் பல் டாக்டர் வந்தபோது கூரை கச்சிதமாக ஏறியிருந்தது. அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் குண்டூசி முன்னே போனாள். பஞ்சு, சைக்கிள் பந்தயம், 'நாலு' எல்லாவற்றையும் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

டாக்டர் அந்த அழுக்குப் பஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒருத்தருக்குப் பல் பிடுங்கிட்டு, வாயில வெச்ச பஞ்சை எடுக்க நான் மறந்துட்டேன். பாவம், கன்னம் வீங்கிடுச்சுன்னு அவர் ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல."

"அப்புறம்?" குண்டூசி கண்ணை அகல விரித்தாள்.

"அப்புறம் அவர் தும்மினார். தானா வந்துடுச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மா சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

டாக்டர் சாவியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்," என்றாள் அம்மா. குண்டூசியின் பக்கம் திரும்பினாள். "எத்தனை?"

வாசலில் தோழிகளின் சைக்கிள் மணி கிணிங் கிணிங் என்று அடித்தது. குண்டூசி திரும்பிப் பார்க்கவில்லை. பைக்குள் கையை விட்டு, இன்று எடுத்த பஞ்சுத் துண்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இரும்மா," என்றாள். "எண்ணிட்டுச் சொல்றேன்."